பகுதி பதினேழு

நாற்பத்தொரு ஜீபி.
பன்னிரண்டு வருடத்து மரண அறிவித்தல்கள், படங்களோடு.
புதுச் சேர்வரில் வட்டு ஐம்பது,
நினைவகம் ஒன்று. ஒரே ஒன்று.
மூட்டையை உள்ளே வைத்தால் அவிழ்க்க இடமில்லை.
பெரியதாக ஒன்று எடுப்போம், மாதம் நாற்பது டொலர் என்றேன்.
"செத்த ஆக்களுக்கு இது காணும் புள்ள"
என்றார் முதலாளி பூபாலரெத்தினம்.

முதல் தடவை பதினொரு நிமிடம் ஓடியது.
பிறகு கறுப்புத் திரையில் ஒரு சொல்:
கொல்லப்பட்டது.
நினைவு போதாமல் போனால்
இயந்திரம் தன் வேலைகளில் ஒன்றைத் தானே கொன்று
ஒளிக்காமல் எழுதியும் வைக்கும்.

நாங்கள் அந்தச் சொல்லை ஒருநாளும் போட்டதில்லை.
எங்களிடம் காலமானார் இருந்தது,
வபாத்தானார் இருந்தது,
கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் இருந்தது.
தொண்ணூறாம் ஆண்டுப் படத்தோடு
நினைவஞ்சலி போட வருகிறவர்களுக்கு
அகாலமரணம் என்று ஒன்று வைத்திருந்தோம்.
கட்டணம் எல்லாவற்றுக்கும் ஒன்று.

காத்தான்குடியிலிருந்து நஸ்லிம் போனில் சொன்னான்:
"வட்டில ரெண்டு ஜீபிய நினைவா கடன் எடுங்க அக்கா.
வட்டி இருக்கு. வேகத்தில கழிப்பான்.
முழுசா மட்டும் இறக்காதீங்க.
பழைய கல்லடிப் பாலத்தால எப்பிடிப் போன நாம?
இஞ்சால கொஞ்சம் வரட்டும், மறி,
அங்கால கொஞ்சம் போகட்டும்."

முப்பத்தொரு துண்டாக வெட்டினேன்.
துண்டுக்கு நானூறு பேர்.
மூலம் என் மடிக்கணினியில்.
இரவு டேட்டா திறக்கும் பன்னிரண்டு மணிக்கு
டொங்கிளை ஜன்னல் கம்பியில் கட்டி
ஒன்றை ஏற்று. அவிழ்.
நானூறும் வந்ததா, எண்ணு.
சேர்வரில் கிடக்கும் துண்டை அழி.
அந்த இடத்தில் அடுத்தது.

இது மூன்றாவது இரவு. இரண்டு நாற்பது.
பதினாறு துண்டு போயிற்று.
பார்க்கலாமே என்று தளத்தைத் திறந்தேன்.
முதல் பக்கத்தில், ஆகப் பிந்திய மரணமாக,
வாழைச்சேனைத் தபால்காரர் ஒருவர்,
2016 ஆனி ஒன்பது.
அவருக்குப் பிறகு ஒருவரும் சாகவில்லை.

சந்தையில் திருக்கை வெட்டும் யோகம்மா சாகவில்லை.
ஏறாவூர்ப் பேக்கரி ஹயாத்து சாகவில்லை.
பத்தொன்பதாம் ஆண்டுச் சித்திரையில்
அந்த ஞாயிறு இன்னும் விடியவில்லை,
பிள்ளைகள் வெள்ளைச் சட்டை தேய்த்து
கதிரையில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

பகுதி பதினேழில் என் தம்பி இருக்கிறான்.
சுகிர்தன், இருபத்தாறு, கிரான் றோட்டு, மோட்டார் சைக்கிள்.
தட்டச்சு செய்தது நான்.
கலியாண வீட்டுக் குழுப் படத்திலிருந்து அவனை மட்டும் வெட்டினேன்,
தோளில் ஒரு கை வெட்டுப்படாமல் நின்றுவிட்டது.
விரல் நான்கு, ஒரு மோதிரம். என்னுடையது.
பாசமிகு என்ற இடத்தில் பாசமிக என்று கிடக்கிறது.
திருத்தக் கடவுச்சொல் இருந்தும் திருத்தவில்லை.

கட்டளையை எழுதிவிட்டேன்.
கர்சர் மின்னுகிறது.
வாவியில் யாரோ துடுப்பால் படகுப் பலகையில் தட்டி
மீனை வலைக்கு விரட்டுகிறார்கள்.
பதினொரு நிமிடம் ஒன்றும் செய்யாமல் இருந்தேன்.
சேர்வரும் ஒன்றும் செய்யவில்லை,
அதன் நினைவில் முக்கால்வாசி வெறுமையாய்க் கிடந்தது.

ஸ்காபரோவிலிருந்து அழைப்பு.
அங்கே பின்னேரம்.
"தங்கச்சி, அப்பாவின்ர அந்தியேட்டி அறிவித்தல்
நாளைக்காவது வருமா?"
"வரும் அண்ணன். முன்னுக்கு ஆக்கள் நிற்கினம்."

அழுத்தினேன்.

நானூறு என்று அனுப்பினேன்,
நானூறு என்றது.
இரண்டாம் தரமும் எண்ணச் சொன்னேன். நானூறு.
துண்டை அழிக்கவா என்று கேட்டது.
ஆம்.
பதினெட்டு ஏறத் தொடங்கியது,
டொங்கிளில் பச்சை, பிறகு மஞ்சள்.